மூக்கின் வேலை வாய்க்கு வராது

நாவலப்பிட்டியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மகாவலி கங்கையின் கரையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஊர் இது. 1874இல் ரயில் இங்கே வந்து சேர்ந்தது. இங்கிருந்து ஹட்டன் பக்கம் ஏறும் ரயில் இங்குருஓயா, கல்போட நிலையங்களைத் தாண்டி வட்டவளையை அடைகிறது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளை, இலங்கையிலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. தென்மேல் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை இப்பகுதியில் துவைத்த துணி காய்வது பெரும்பாடு. சுவரில் பூஞ்சணம் படரும். பாயும் தலையணையும் எந்நேரமும் நமத்துக் கிடக்கும்.

இந்த ஊரில் போய், "வாயால் மூச்சு விடாதே, காற்று வறண்டு உள்ளே போகும்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மூடுபனியையே உள்ளிழுக்கும் இடத்தில் வறட்சிக்கு இடமேது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரவில் வெப்பநிலை 18 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று தாங்கக்கூடிய நீராவி, மிக அதிகமாகப் போனாலும், ஏறத்தாழ 15 கிராம். மூடுபனி நிறைந்த காற்றின் நிலை அதுதான். ஆனால் நுரையீரலுக்குத் தேவைப்படுவது 37 பாகைச் சூட்டில், நீராவி முழுதாக நிறைந்த காற்று. அதில் ஒரு கன மீற்றருக்கு 44 கிராம் நீராவி இருக்க வேண்டும். மலையிலேயே மிக ஈரமான காற்றிலும் ஒவ்வொரு கன மீற்றருக்கும் 29 கிராம் குறைகிறது. உறங்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 லீற்றர் காற்றை இழுப்பதாகக் கொண்டால், எட்டு மணி நேரத்தில் அது மூன்று கன மீற்றரை நெருங்கும். ஓர் இரவில் 80 கிராமுக்கு மேல் நீரை உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுத்து அந்தக் காற்றில் கலக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பில் பெரும்பங்கை ஏற்றிருக்கும் உறுப்பு மூக்கு. ஈர மலையில் வாழ்ந்தாலும் பாலைவனத்தில் வாழ்ந்தாலும் அதற்கு ஓய்வில்லை.

மூக்குக்குள் நடப்பது

வெளியே தெரியும் மூக்கு வாசல் மட்டுமே. உள்ளே இரு பக்கமும் மும்மூன்று சுருள் எலும்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக, சளிச்சவ்வு போர்த்தி நிற்கின்றன. அவற்றின் இடுக்குகளில் காற்று சுழன்றுதான் போக வேண்டும். அந்தச் சவ்வின் அடியில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அவற்றின் சூடும் ஈரமும் காற்றில் ஏறுகின்றன. தொண்டையின் மேற்பகுதியை அடைவதற்குள் காற்று உடற்சூட்டை நெருங்கிவிடுகிறது, நீராவியும் ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. இவ்வளவும் நொடிப்பொழுதுக்குள் நடக்கும் வேலை.

அடுத்தது துப்புரவு. ஒரு நாளில் நாம் உள்ளிழுக்கும் காற்று 10,000 லீற்றருக்குக் குறையாது. அதிலுள்ள தூசி, பூஞ்சண வித்து, கிருமி எல்லாம் மூக்கின் சளிப் படலத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்தின் கீழே பிசிர்கள் எனப்படும் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை அசைந்து, சளியை நிமிடத்துக்கு 5, 6 மில்லிமீற்றர் வீதம் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம், வயிற்று அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

இந்தப் பிசிர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க வைத்தியர்கள் எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறார்கள். மூக்கின் உள்ளே சிறு சக்கரின் துணுக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஆரோக்கியமான மூக்கில் இருபது நிமிடங்களுக்குள் நாவில் இனிப்புத் தட்டும். அரை மணி நேரம் கடந்தும் தட்டவில்லை என்றால் பிசிர்கள் சோர்ந்துவிட்டன என்று பொருள்.

மூச்சை வெளியே விடும்போதும் மூக்குக்கு வேலை இருக்கிறது. உள்ளிழுத்தபோது சற்றுக் குளிர்ந்துபோன சவ்வின் மீது, திரும்பி வரும் சூடான காற்று தன் நீராவியில் ஒரு பகுதியைப் படியவிட்டுப் போகிறது. கொடுத்த ஈரத்தில் ஒரு பங்கை மூக்கு இப்படித் திரும்பப் பெறுகிறது. மூக்கால் விடும் மூச்சை வாயால் விட்டால் உடம்பு இழக்கும் நீர் 42 வீதம் கூடுகிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2006இல் அளந்து காட்டினார்கள். வாய் திறந்து உறங்கியவர் காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட, தொண்டை எரிய எழுவதற்கு இதுவே காரணம்.

வாய்க்குள் சுருள் எலும்பு இல்லை. தூசியைச் சுமந்து செல்லும் பிசிர்களும் இல்லை. உண்ணவும் பேசவும் அமைந்த வழி அது. ஓடும்போதும் மலையேறும்போதும் கூடுதல் காற்றுக்கு உதவும். இரவு முழுக்க அதுவே பொறுப்பேற்றால் மூக்கின் வேலைகளில் ஒன்றுகூட முழுதாக நடப்பதில்லை.

சைனஸும் அதன் வாசலும்

நம்மூரில் பீனிசம் என்று சொல்லப்படும் தொல்லைக்கு இடம் கொடுப்பவை முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகள். கன்னத்திலும் நெற்றியிலும் கண்களுக்கு இடையிலும் மூக்கின் ஆழத்திலுமாக நான்கு சோடி அறைகள். ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் திறக்கும் சிறிய வாசல் உண்டு. கன்னத்து சைனஸின் வாசல் சில மில்லிமீற்றர் அகலம்தான். அதுவும் அறையின் தரையில் இல்லை, மேற்பகுதியில் இருக்கிறது. வடிகாலைக் கூரையோரம் வைத்துக் கட்டிய அறை போன்றது அது. அங்கே ஊறும் சளி தானாக வடியாது. பிசிர்கள்தான் அதைப் புவியீர்ப்புக்கு எதிராக மேலே தள்ளி வாசல் வரை கொண்டுசேர்க்க வேண்டும்.

ஒஸ்திரியாவின் கிராஸ் நகரைச் சேர்ந்த வால்டர் மெசர்கிளிங்கர் இந்தச் சளி செல்லும் தடத்தைப் பொறுமையாகப் படம்பிடித்து ஆராய்ந்தார். அந்தக் காலத்துச் சத்திரசிகிச்சையில் சளி வடியட்டும் என்று சைனஸின் கீழ்ப்பகுதியில் துளை போடுவது வழக்கம். மெசர்கிளிங்கர் கண்டதோ வேறு. கீழே எவ்வளவு பெரிய துளை இருந்தாலும் பிசிர்கள் அதைச் சுற்றிக்கொண்டு சளியை இயற்கையான வாசலுக்கே எடுத்துச் சென்றன. அந்த வாசலைத் திறந்து காப்பதே சிகிச்சை என்ற இன்றைய எண்டோஸ்கோப் சத்திரசிகிச்சையின் அடிப்படை அங்கிருந்து வந்தது.

தடிமனாலோ ஒவ்வாமையாலோ சளிச்சவ்வு வீங்கும்போது முதலில் அடைபடுவது இந்த வாசல்தான். உள்ளே ஒட்சிசன் குறைகிறது, சளி தேங்குகிறது, பிசிர்கள் தளர்கின்றன, கிருமிகள் பெருகுகின்றன. கன்னமும் நெற்றியும் கனக்கின்றன. குனிந்தால் வலி கூடுகிறது.

சைனஸ்களைப் பற்றிய பெரிய வியப்பு ஒன்று 1995இல் வெளிவந்தது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஜோன் லுண்ட்பெர்க்கும் எடி வெயிட்ஸ்பெர்க்கும் சக ஆய்வாளர்களும், ஆரோக்கியமான சைனஸ்கள் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவைப் பெருமளவில் உற்பத்தி செய்கின்றன என்று கண்டார்கள். கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதும், பிசிர்களை ஊக்குவிப்பதும், இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதும் இந்த வாயுவின் குணங்கள். இரத்த ஓட்டத்தில் இதன் பங்கைக் கண்டவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. மூக்கால் மூச்சை இழுக்கும்போது சைனஸில் ஊறிய வாயு காற்றோடு நுரையீரலுக்குப் போய், அங்கே இரத்தம் ஒட்சிசனை ஏற்க உதவுகிறது. வாயால் இழுத்தால் இந்தப் பங்கு கிடைப்பதில்லை. வாயை மூடி 'ம்ம்ம்' என்று முரலும்போது மூக்கிலிருந்து வெளிவரும் இவ்வாயு ஏறத்தாழ 15 மடங்கு கூடுகிறது என்றும் இதே ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். அதிர்வால் சைனஸின் காற்று வேகமாக மாறுவதே காரணம். முரல்வது பீனிசத்தைக் குணமாக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சைனஸ் வாசல் திறந்திருக்கிறதா என்று அறிய இது உதவலாம் என்பதே அவர்கள் கண்டது.

இனி முக்கியமான கேள்வி. வாயால் மூச்சு விடுவதால் பீனிசம் வருகிறதா, பீனிசம் வந்ததால் வாய் திறக்கிறதா? பெரும்பாலும் இரண்டாவதே உண்மை. மூக்கு அடைபடுகிறது, வேறு வழியின்றி வாய் திறக்கிறது. பிறகு அந்த வழக்கமே புதுத் தொல்லைகளைச் சேர்க்கிறது. தொண்டை வறள்கிறது, வடிகட்டாத காற்று நேரே மூச்சுக்குழாயில் இறங்குகிறது, மூக்கைச் சரிசெய்ய வேண்டும் என்ற நினைப்பும் மங்கிப்போகிறது. ஆகவே திறந்த வாயை முறையீடாகவே கேட்க வேண்டும். முறையிடுவது மூக்கு.

மலையக மூக்கை அடைப்பவை

நாவலப்பிட்டியில் அந்த முறையீட்டுக்குக் காரணங்கள் பல.

முதலாவது, கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும் வாழ்ந்து, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்னும் உயிர் இது. வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இதுவே பெருங்காரணம் என்று 1960களில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்டும் குழுவினரும் நிறுவினார்கள். ஈரம் கூடிய வீடுகளில் தொல்லை கூடுவதும் அவர்கள் கண்ணில் பட்டது. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே வாழ்கிறது. ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே நெடுநாள் இருந்தால் காய்ந்து மடிந்துவிடும். நாவலப்பிட்டியின் மழைக்காலத்தில் அதற்கு அந்தக் கவலையே இல்லை.

இரண்டாவது, அடுப்புப் புகை. 2012 குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. 2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது விறகுக்குத் திரும்பியவர்களும் பலர். தோட்டத் தொழிலாளர் வாழும் பிரித்தானியர் காலத்து லயங்களில் ஒரு காம்பரா ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்த இடத்துக்குள் சமையலும் படுக்கையும் குளிருக்குச் சாத்திய யன்னலும் சேரும்போது, புகை போக வழியிருக்காது. விறகுப் புகை சளிச்சவ்வை வீங்கவைக்கிறது, பிசிர்களின் வேகத்தையும் குறைக்கிறது. அடுப்படியில் நிற்பவரும் அவர் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தையும் ஒரே புகையைத்தான் இழுக்கிறார்கள்.

மூன்றாவது, தொழில். தேயிலை ஸ்டோரில் சலிக்கும்போதும் தரம் பிரிக்கும்போதும் எழும் தூசி மூச்சைப் பாதிக்கிறது என்பதை உலக மருத்துவத்துக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கையின் மார்புநோய் வைத்தியர் சீ. ஜீ. ஊரகொட. 'டீமேக்கர் ஆஸ்துமா' பற்றிய அவருடைய கட்டுரை 1970இல் பிரித்தானியாவின் தொழில் மருத்துவ இதழில் வெளிவந்தது. தூசி நுரையீரலுக்குப் போகும் வழியில் முதலில் சந்திப்பது மூக்கை. மூக்கு அடைபட்டவர் அங்கே வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வேலை செய்தால் அந்த முதல் காவலும் இல்லாமல் போகிறது.

நான்காவது, கண்டி நகரின் காற்று. மலைகளால் சூழப்பட்ட பள்ளத்தில் கிடக்கும் நகரம் என்பதால் வாகனப் புகை எளிதில் கலைந்து போவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒலிவர் இலெபெரும இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எச்சரித்திருக்கிறார். நாவலப்பிட்டியிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் நாள்தோறும் பஸ்ஸில் கண்டிக்குப் போய்வருபவர்களின் மூக்குக்கு இரட்டைச் சுமை.

இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான அரிய காரணம் ஒன்றும் உண்டு. ரைனோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிர் மூக்குக்குள் சிவந்த சதை வளர்ச்சியை உண்டாக்கும், அடிக்கடி இரத்தம் கசியும். 1900இல் ஆர்ஜென்டினாவில் கீய்யெர்மோ சீபர் முதலில் விவரித்த இந்த நோய், உலகிலேயே இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் அதிகம். குளங்களில் குளிப்போரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. பேராதனையின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ். என். அர்சகுலரத்ன இதைப் பற்றி உலகறிந்த ஆய்வுகளைச் செய்தவர். ஒரு பக்க மூக்கு மட்டும் விடாமல் அடைத்து, இரத்தமும் கசிந்தால் அதைத் தடிமன் என்று தள்ளிவிடக் கூடாது.

இரவில் தொண்டையில் நடப்பது

பகலில் ஓரளவு சமாளிக்கும் மூக்கு இரவில் ஏன் தோற்கிறது? படுத்ததும் தலைப்பக்கம் இரத்தம் கூடுகிறது, சுருள் எலும்புகள் மேலுள்ள சவ்வு வீங்குகிறது. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு கூடுதலாக அடைக்கும். இதற்கும் மேலாக, மூக்கின் இரு பக்கங்களும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிமாறி வீங்கித் தணிவது இயற்கை. 1895இல் ஜெர்மனியின் ரிச்சார்ட் கைசர் இதை அளந்து எழுதினார். இடகலை, பிங்கலை என்று பெயரிட்டு, எந்த நாசியில் எப்போது மூச்சு ஓடுகிறது என்று நம் சித்தர்களும் யோகிகளும் அதற்கு மிக முன்பே கவனித்து வைத்திருந்தார்கள். ஆரோக்கியமான மூக்கில் இந்த மாற்றம் தெரிவதே இல்லை. ஏற்கெனவே வீங்கிய மூக்கில், திறந்திருந்த பக்கமும் மாறி அடைக்கும் வேளையில் வாய் திறந்துவிடுகிறது.

வாய் திறந்ததும் கீழ்த்தாடை கீழிறங்கிப் பின்னே சரிகிறது. நாக்கும் அதோடு தொண்டைப் பக்கம் விழுகிறது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்திருக்கும் நேரம் அது. குறுகிய வழியில் காற்று உரசிச் செல்லும்போது மெல்லண்ணம் அதிர்வதே குறட்டை. வழி இன்னும் குறுகினால் காற்று அறவே நின்றுவிடும். பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து, மூளை உலுக்கி எழுப்பும். உறங்குபவர் திணறி ஒரு மூச்சை இழுத்துவிட்டு மீண்டும் உறங்குவார், காலையில் எதுவும் நினைவிருக்காது. இதைத்தான் உறக்க மூச்சுத்தடை என்கிறோம்.

மூச்சின் வழி இதில் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும்? கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் பிட்ஸ்பற்றிக்கும் குழுவினரும் 2003இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 12 பேரை ஒரு முறை மூக்கால் மட்டும், இன்னொரு முறை வாயால் மட்டும் மூச்சு விடச் செய்து உறங்கவைத்தார்கள். உறக்கத்தில் மேல் மூச்சுவழியின் தடை வாயால் விட்டபோது ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடியது. மூச்சு நின்றதும் குறைந்ததுமான தருணங்கள் மூக்கு வழியில் மணிக்குச் சராசரி ஒன்றரை, வாய் வழியில் 43. மணிக்கு 30ஐத் தாண்டினாலே கடுமையான நோய் என்று வகைப்படுத்துவார்கள். சோதனையில் பங்கேற்றவர்கள் நோயாளிகள் அல்லர், அவர்களும் சிலரே, நிலைமையும் செயற்கையானது. ஆயினும் மூக்கு வழியை அடைப்பது உறக்கத்தை எந்த அளவுக்குக் குலைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உறக்க மூச்சுத்தடைக்கு இன்றும் முதன்மைச் சிகிச்சையாக இருப்பதும் மூக்கு வழியாகவே தொடங்கியது. 1981இல் சிட்னியில் கொலின் சலிவனும் குழுவினரும் மூக்கில் பொருத்திய மூடி வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, உறக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளாமல் தடுத்துக் காட்டினார்கள்.

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நாளெல்லாம் மலைச்சரிவில் உழைத்தவர் அசந்து தூங்குகிறார் என்று வீட்டார் ஆறுதல் கொள்கிறார்கள். உரத்த குறட்டை, நடுவே மௌனம், பிறகு திணறல், பகலில் அடங்காத தூக்கம் என்ற நான்கும் சேர்ந்திருந்தால் அது அசதி அன்று, வைத்தியரிடம் காட்ட வேண்டிய வருத்தம். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் உயர்கிறது, இதயத்துக்குச் சுமை கூடுகிறது. வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் வாகனம் ஓட்டுபவருக்கு அந்தப் பகல் தூக்கமே உயிராபத்து.

பிள்ளைகளின் திறந்த வாய்

பிறந்த குழந்தை முதல் சில மாதங்கள் ஏறக்குறைய மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிறது. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை அதன் மூக்குக்கு இன்னொரு தடை வரலாம். மூக்கின் பின்வாசலில் அடினொயிட் என்ற நோயெதிர்ப்புச் சதை அந்த வயதில் பெரிதாக வளர்ந்து, பதின்ம வயதில் சுருங்குகிறது. 1868இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் மையர், வாய் திறந்தபடி, காது மந்தமாக, மூக்கடைத்த குரலில் பேசும் பிள்ளைகளை ஆராய்ந்து இந்தச் சதையே காரணம் என்று கண்டுபிடித்தார். அதுவரை பலரை மந்தபுத்திக்காரர் என்று ஒதுக்கியிருந்தார்கள். அவர்களின் குறை மூளையில் இல்லை, மூக்கின் பின்னால் இருந்தது.

வளரும் வயதில் வாய் எந்நேரமும் திறந்திருந்தால் முகத்தின் வளர்ச்சியும் மாறக்கூடும். நாக்கு மேலண்ணத்தில் தங்காமல் கீழே கிடப்பதால் மேல்தாடை குறுகி, பற்கள் நெருக்கியடித்து முளைக்கலாம். 1970களில் கலிபோர்னியாவில் எகில் ஹார்வோல்ட் குட்டிக் குரங்குகளின் மூக்கை அடைத்துச் செய்த சோதனைகளில் தாடையும் பல் வரிசையும் மாறியதைக் கண்டார். எல்லாக் குரங்குகளும் ஒரே விதமாக மாறவில்லை. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் மூச்சின் வழி எலும்பின் வளர்ச்சியைத் தொடுகிறது என்பது உறுதியாயிற்று.

பற்களுக்கு வேறொரு கேடும் உண்டு. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவு. வாய் திறந்திருந்தால் இருப்பதும் காய்கிறது. 2016இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் பத்துப் பேரின் வாய்க்குள் இரவு முழுதும் அமிலத்தன்மையை அளந்தார்கள். வழக்கமான உறக்கத்தில் சராசரி pH 7.0, மூக்கை அடைத்து வாயால் மூச்சு விட்டபோது 6.6. சிலரிடம் சில வேளை 3.6 வரை இறங்கியது. அந்த அளவு அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும். பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர், வாய் திறந்து தூங்கும் பழக்கத்தையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

எல்லா அடினொயிட்டையும் அறுத்து எடுக்க வேண்டுமா? அமெரிக்காவில் உறக்க மூச்சுத்தடை உள்ள, 5 முதல் 9 வயது வரையிலான 464 பிள்ளைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு நிதானமான விடை தருகிறது. அடினொயிட்டோடு டொன்சிலையும் அகற்றும் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 79 வீதத்தினருக்கு ஏழு மாதத்தில் உறக்க மூச்சு சீரானது, நடத்தையும் தேறியது. பொறுத்திருந்து கவனிக்கப்பட்டவர்களிலும் 46 வீதத்தினருக்குத் தானாகவே சீரானது. எந்தப் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை, எந்தப் பிள்ளைக்குப் பொறுமை என்பதைப் பரிசோதித்த வைத்தியரே முடிவு செய்ய வேண்டும். பரிசோதனைக்கே கொண்டுபோகாமல் இருப்பதுதான் தவறு.

வாயை ஒட்டலாமா?

இரவில் உதட்டின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு தூங்கும் வழக்கம் இப்போது கைத்தொலைபேசி வழியாக மலைத்தோட்டங்களுக்கும் வந்துவிட்டது. 2025இல் கனடா ஆய்வாளர்கள் இதைப் பற்றிய பத்து ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 213 பேர். நன்மைக்கான சான்று மெலிந்தது, மூக்கடைப்பு உள்ளவருக்கு மூச்சுத்திணறும் ஆபத்து உண்டு என்பதே அவர்களின் முடிவு. மூக்கு அடைபட்டதால் வாய் திறந்தவரின் வாயையும் அடைப்பது எவ்வளவு கொடுமை! பிள்ளைகளுக்கு இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

மென்தோல் கலந்த தைலத்தைத் தடவினால் மூக்கு திறந்தது போல இருக்கிறதே என்று கேட்கலாம். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ரொன் எக்கல்ஸ் 1980களில் இதை அளந்தார். மென்தோல் குளிர் உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் காற்று தாராளமாகப் போகும் உணர்வு வருகிறது, மூக்கின் தடை குறைவதில்லை. பார்மசியில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து உண்மையிலேயே திறக்கும். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும்.

மூக்கைத் திறக்கும் வழிகள்

முதல் வழி உப்பு நீரால் கழுவுவது. நன்கு கொதித்து ஆறிய 250 மில்லிலீற்றர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்தால் போதும். பீலித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடக் கூடாது. கொதிக்காத நீரில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரைப் பறித்த நிகழ்வுகள் கேரளத்தில் அண்மையிலும் நடந்திருக்கின்றன.

அடுத்தது படுக்கை. தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைக்க வேண்டும். தை முதல் பங்குனி வரை கிடைக்கும் வெயிலில் மெத்தையையும் கம்பளியையும் அடிக்கடி காயப்போட வேண்டும். அடுப்புப் புகை வெளியேற வழி செய்ய வேண்டும், படுக்கும் காம்பராவில் அடுப்பு எரியக் கூடாது. லயங்களுக்குப் பதிலாக வீடு கட்டிக் கொடுப்போர் புகைபோக்கியையும் காற்றோட்டத்தையும் அலங்காரமாக எண்ணாமல் மருத்துவத் தேவையாக எண்ண வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவருக்கு வைத்தியர் தரும் ஸ்டீரொயிட் மூக்குத் தெளிப்பு நல்ல பலன் தரும். இரண்டு நாளில் குணமில்லை என்று நிறுத்தாமல் சொன்ன காலம் வரை தொடர வேண்டும். மூக்குத் தண்டு வளைவு, சதை வளர்ச்சி, நாட்பட்ட பீனிசம் ஆகியவற்றைக் காது, மூக்கு, தொண்டை நிபுணரே பார்க்க வேண்டும். நாவலப்பிட்டி வைத்தியசாலையிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கும் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கும் கடிதம் பெற்றுச் செல்லலாம். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

இதை வாசிக்கும் தாய்மாருக்கும் தந்தையருக்கும், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உறங்கும் பிள்ளையின் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். குறட்டை கேட்கிறதா, நடுவில் மூச்சு நிற்கிறதா என்று கவனியுங்கள். தடிமன் இல்லாத நாட்களிலும் இது தொடர்ந்தால், வகுப்பில் தூங்கி வழிந்தால், கூப்பிட்டது காதில் விழாமல் இருந்தால், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று ஒத்திப்போடாதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள், பார்த்ததையும் கேட்டதையும் வைத்தியரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.